ஆறுக்கு ஒன்று

நான்காவது கோல் விழுந்தபோது எழுந்து போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன். 2025 மே 18, ஞாயிற்றுக்கிழமை இரவு. வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்கின் பிளேஓஃப், பருவ முடிவில் கிண்ணத்துக்காக நடக்கும் வெளியேற்றுத் தொடர்கள். ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ், புளோரிடா பந்தேர்ஸ், தொடரைத் தீர்க்கும் ஏழாவது ஆட்டம், எங்கள் சொந்த அரங்கு. இரண்டாவது பீரியடில் மூன்று கோல் வாங்கியிருந்தோம். மூன்றாவது தொடங்கியதும் மக்ஸ் டோமி ஒன்றைப் போட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அவர்கள் திருப்பிப் போட்டுவிட்டார்கள். நாலுக்கு ஒன்று. மிச்சத்தைக் குசினியில் நின்று காதால்தான் கேட்டேன். ஐந்து. அப்புறம் ஆறு. மகள் வந்து "அப்பா, முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள். நான் தேத்தண்ணியைக் குடித்தேன், கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன், முன்கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன், போய்ப் படுத்தேன். நல்ல நித்திரை வந்தது.

அந்த நித்திரைதான் நாலு மாதமாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

இருபத்தெட்டு வயதில் இதே அணிக்காக அழுதிருக்கிறேன். 2013 மே 13, திங்கட்கிழமை, பொஸ்ரனோடு ஏழாவது ஆட்டம். மச்சான் வீட்டு பேஸ்மென்றில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். மூன்றாவது பீரியடில் பதினொரு நிமிடம்கூட மிச்சமில்லாத நேரத்தில் நாலுக்கு ஒன்று என்று எங்கள் பக்கம். மச்சான் கார்த் திறப்பைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டான், முடிந்ததும் மார்க்கம் ரோட்டில் ஹோர்ன் அடித்துக்கொண்டு போக. பொஸ்ரன் ஒன்று போட்டது. பிறகு 1 நிமிடம் 22 வினாடி மிச்சமிருக்க லூசிச் இன்னொன்று. 51 வினாடி மிச்சமிருக்கப் பேர்ஜரோன் சமப்படுத்தினார். மேலதிக நேரத்தில் அவரே முடித்தும் வைத்தார். ஒருவரும் பேசவில்லை. மச்சான் திறப்பை மேசையில் வைத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் காரை நிறுத்தி அழுதேன். இரண்டு நாள் வேலையில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த ஆள் எங்கே போனான்? பன்னிரண்டு வருடத்தில் வயது கூடியிருக்கிறது, பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், அதெல்லாம் சரி. ஆனால் வயது போனவர்களுக்குக் கோபம் வராது என்பதை நான் நம்பத் தயாரில்லை. என் அப்பாவைத் தெரிந்த யாரும் நம்பமாட்டார்கள்.

அப்பாவும் சனிக்கிழமை இரவுகளும்

அப்பா 1989 இல் தனியே இங்கே வந்தார். எங்களைக் கூப்பிட 1996 ஆகிவிட்டது. அப்போது எனக்குப் பதினொரு வயது. ஸ்காபரோவில் ஓர் அப்பார்ட்மென்றின் ஒன்பதாம் மாடி. கேபிள் எடுக்க வசதியில்லை. அன்ரனாவில் பிடிபட்ட சில சனல்களில் சிபிசியும் ஒன்று, அதில் சனிக்கிழமை இரவென்றால் ஹொக்கி. இப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் லீஃப்ஸ் வந்தது. யாரும் தெரிவு செய்யவில்லை. வேறு எதுவும் பிடிபடவில்லை.

எனக்கு ஐஸில் சறுக்கத் தெரியாது. இன்றைக்கும் கம்பியைப் பிடித்தபடிதான். அந்தச் சப்பாத்து, காப்புக் கவசங்கள், ஐஸ் மணித்தியாலத்துக்குக் கட்டும் காசு எல்லாம் எங்களுக்கு எட்டாத கணக்கு. நாங்கள் விளையாடியது கட்டடத்துக்குப் பின்னாலிருந்த கார்த் தரிப்பிடத்தில், ரெனிஸ் பந்தை வைத்து. என் தலைமுறைத் தமிழ்ப் பெடியள் பலருக்கும் ஹொக்கி என்றால் அதுதான். ஐஸைத் தொடாமலே அந்த விளையாட்டை நேசிக்கப் பழகினோம்.

அப்பா வேலை செய்த பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் அவரோடு சாப்பாட்டு மேசையில் இருக்கும் ஒரு பழைய கனடியர் இருந்தார். 1967 இல் லீஃப்ஸ் மொன்றியலை ஆறாவது ஆட்டத்தில் வென்று லீக்கின் உச்சப் பரிசான ஸ்ரான்லி கிண்ணத்தைத் தூக்கியபோது தான் சின்னப் பெடியன் என்று சொல்வாராம். அப்போது லீக்கில் ஆறே அணிகள். அந்த இரவு தன் தகப்பன் தன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தெருவில் நின்றதை அவர் கிழமைக்கு ஒரு தரமாவது சொல்வாராம். அந்த ஆள் அப்பாவுக்கு ஒரு நீலக் கம்பளித் தொப்பி கொடுத்தார். வெள்ளை இலை போட்ட தொப்பி. அப்பா பனிக்கு அதைத்தான் போட்டார். "அடுத்த வருசம் எண்டு சொல்லுறான்" என்பார் அப்பா, வருடா வருடம்.

2002 வரை அப்பா பார்த்தார். மற்ஸ் சண்டீன் தலைவராயிருந்த அணி, கோலில் கேர்ட்டிஸ் ஜோசப். அந்த வருடம் அரை இறுதியில் கரோலைனாவோடு ஆறாவது ஆட்டம். 22 வினாடி மிச்சமிருக்கச் சண்டீன் சமப்படுத்தினார். அப்பா கதிரையை விட்டு எழும்பிக் கத்தியதை நான் என் வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான் கண்டேன். கீழ் வீட்டுக்காரர் மேலே தட்டினார்கள். மேலதிக நேரத்தில் மார்ட்டின் ஜெலினா போட்ட கோலோடு எல்லாம் முடிந்தது. அப்பா ரிவியை நிறுத்திவிட்டு, "இனி நான் பாக்கமாட்டன். ஸ்கோரை மட்டும் சொல்லு" என்றார். சொன்ன சொல் மாறவில்லை. இருபத்து மூன்று வருடமாக ஓர் ஆட்டமும் பார்க்கவில்லை. ஆனால் ஆட்டம் நடந்த மறுநாள் காலையில் ஸ்கோர் கேட்காமல் விட்டதும் இல்லை. முதலில் சாப்பாட்டு மேசையில் கேட்டார். நான் கலியாணம் கட்டித் தனியே வந்த பிறகு தொலைபேசியில் கேட்கிறார்.

ஆறு ஆட்டம், ஐந்து கோல்

தோற்பதை நான் குறை சொல்லவில்லை. முப்பத்திரண்டு அணிகளில் ஒன்றுதான் வெல்லும். 2004 க்குப் பிறகு வந்த அணிகள் உண்மையிலேயே பலவீனமானவை, ஏழு பருவம் தொடர்ந்து பிளேஓஃபுக்கே போகவில்லை. அந்தக் காலத்தில் கோபம் வந்தது, ஆனால் அது ஏழையின் மேல் வரும் கோபம் போல, நின்று எரியாது.

2016 க்குப் பிறகு வந்த அணி வேறு. ஒஸ்ரன் மத்தியூஸ் தன் முதல் ஆட்டத்திலேயே நாலு கோல் போட்டவர். 2021-22 பருவத்தில் 60 கோல், 2023-24 இல் 69. மிச் மார்னர் மார்க்கத்தில் பிறந்தவர், எங்கள் சனம் நிறைந்த அதே மார்க்கம். வில்லியம் நைலண்டரைப் போலப் பக்கைக் (பந்துக்குப் பதிலான றப்பர் வட்டு) கொண்டுபோகிறவர்கள் லீக்கில் சிலர்தான். 2018 ஜூலை முதலாம் தேதி ஜோன் ரவாரஸும் வந்து சேர்ந்தார். சின்ன வயதில் லீஃப்ஸ் படுக்கை விரிப்பில் தான் படுத்திருக்கும் படத்தைப் போட்டு அறிவித்தார். அந்தப் படத்தைப் பார்த்து நான் அன்றைக்கு நினைத்தது, இனி ஆகப்போகிற வேலைதான் என்று. 2021-22 இல் 115 புள்ளி, கழகத்தின் வரலாற்றிலேயே அதிகம். ஒக்ரோபர் முதல் ஏப்ரல் வரை இவர்களைப் போல் சந்தோசம் தந்த அணி எனக்கு வேறில்லை.

சரி, ஏப்ரலுக்குப் பிறகு? அந்த இரவுக்குப் பிறகு நான் ஒரு கடதாசியில் எழுதிப் பார்த்தேன். ரவாரஸ் வந்த பிறகு, தொடர் சமநிலையில் நிற்க, வென்றவர் மிஞ்சுவார் என்ற கடைசி ஆட்டங்கள் மட்டும். 2019, பொஸ்ரன்: ஐந்துக்கு ஒன்று. 2020, கொலம்பஸ், அது ஐந்தாவது ஆட்டம்: மூன்றுக்குச் சைபர். 2021, மொன்றியல்: மூன்றுக்கு ஒன்று. 2022, ராம்பா: இரண்டுக்கு ஒன்று. 2024, மறுபடி பொஸ்ரன்: மேலதிக நேரத்தில் இரண்டுக்கு ஒன்று. 2025, புளோரிடா: ஆறுக்கு ஒன்று. ஆறு ஆட்டம், எல்லாம் தோல்வி, எங்கள் பக்கம் மொத்தம் ஐந்து கோல். கோல் போடுவதற்காகவே கட்டிய ஓர் அணி, கோல் போட்டே ஆகவேண்டிய இரவில் ஒன்றுக்கு மேல் போட்டதில்லை. வென்ற வருடத்திலும் இதே நோய்தான். 2023 இல் ராம்பாவை வென்று, பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு ஒரு தொடரைத் தாண்டினோம். ரவாரஸின் கோல் விழுந்த அந்த இரவு எக்லிங்ரன் வீதி முழுக்க ஹோர்ன் சத்தம். அடுத்த தொடரில் புளோரிடாவோடு ஐந்து ஆட்டம், ஐந்திலும் சரியாக இரண்டிரண்டு கோல். ஒன்றை வென்று வெளியே வந்தார்கள்.

இதற்குக் காரணம் சொல்கிறவர்கள் பலர். அதிலே நான் ஏற்றுக்கொள்வது சம்பளக் கணக்கைத்தான். லீக்கில் ஓர் அணி மொத்தமாக இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. 81.5 மில்லியன் டொலர் வரம்பிலே ஏறத்தாழப் பாதி இந்த நாலு பேருக்கே போனது. வரம்பு வருடா வருடம் உயரும் என்ற நம்பிக்கையில் எழுதிய ஒப்பந்தங்கள். கோவிட் வந்தது, வரம்பு அசையாமல் நின்றது. மிச்சப் பாதிக்குள் கோலி என்கிற கோல் காப்பாளர், பின்காவல், மூன்றாம் நாலாம் வரிசை எல்லாம் அடங்க வேண்டும். சக் ஹைமன் இந்த ஊர்ப் பிள்ளை, மூலைக்குள் போய்ப் பக்கைப் பிடுங்கி வருகிறவர். அவருக்குக் கொடுக்கக் காசில்லாமல் 2021 இல் எட்மன்ரனுக்கு விட்டோம், அங்கே ஒரு பருவத்தில் 54 கோல் போட்டார். நசீம் கட்ரியைக் கொலராடோவுக்குக் கொடுத்தோம், 2022 இல் அவர் கிண்ணத்தைத் தூக்கினார். பிளேஓஃப் ஆட்டம் நெருக்கி மூச்சு முட்டவைக்கும் ஆட்டம். அங்கே கோல் விழுவது வலைக்கு முன்னால் நின்று அடி வாங்குகிறவனின் முழங்காலில் பட்டு. அந்த வேலைக்கு ஆள் வைக்கக் காசில்லாமல் கட்டிய அணி இது. முகாமையில் இருந்தவர்களுக்கு இது 2019 இலேயே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் வருடா வருடம் அதே நாலு பேரோடு வந்தார்கள். "இந்த முறை படித்துவிட்டோம்" என்று மே மாதத்தில் மைக்கின் முன்னால் சொன்னார்கள். நானும் நம்பினேன். அதுதான் என் தவறு.

ஒவ்வொரு தரமும் எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். 2021 இல் தொடரில் மூன்று ஆட்டத்துக்கு ஒன்று என்று முன்னால் நின்று தோற்றபோது, முதல் ஆட்டத்திலேயே ரவாரஸ் விழுந்து ஸ்ட்ரெச்சரில் போனாரே என்றேன். 2022 இல், ராம்பா இரண்டு தரம் தொடர்ந்து கிண்ணம் வென்ற அணி என்றேன். இந்த நியாயங்களில் பொய் இல்லை. ஆனால் ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல, அடுத்த தோல்விக்கு வீட்டில் இடம் ஒதுக்கி வைத்தது போலாகிவிட்டது. 2020 பெப்ரவரியில் கரோலைனாவின் கோலிகள் இரண்டு பேரும் காயப்பட, ஐஸ் வண்டி ஓட்டிய 42 வயதுக்காரர் டேவிட் அயர்ஸ் அவசரத்துக்குக் கோலில் இறங்கினார். அவரிடமும் ஆறுக்கு மூன்று என்று தோற்றோம். நாடே அவருக்குக் கைதட்டியது, நானும் தட்டினேன், அவர் அதற்குத் தகுதியானவர். அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும், எதிரியின் வெற்றிக்கு இவ்வளவு சுலபமாகக் கைதட்ட எப்போது பழகினேன் என்று.

அந்தத் தேதி

இதை எழுதாமல் தாண்டிப் போக முடியாது. மே 18 எங்களுக்கு என்ன நாள் என்று இதை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். அன்று மாலை முள்ளிவாய்க்கால் நினைவேந்தலுக்குப் போய், கஞ்சி குடித்து, மகளுக்கு விளக்கு ஏற்றக் கொடுத்துவிட்டு வந்துதான் ரிவிக்கு முன்னால் இருந்தேன். போடாமல் விடலாமா என்றும் யோசித்தேன். மகள் கேட்டாள், போட்டேன்.

எனவே முதலில் நான் நினைத்தது, அந்த நாளின் பாரம்தான் கோபத்தை எடுத்துப் போட்டது என்று. அந்த விளக்குக்கு முன்னால் ஒரு பக் எங்கே போனால் என்ன? 2009 மே மாதம், போரை நிறுத்தச் சொல்லி ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையை மறித்து இருந்தவர்களில் நானும் ஒருவன். அந்த வருடம் லீஃப்ஸின் பருவம் எப்போது முடிந்தது என்றே எனக்குத் தெரியாது. எது எதைவிடப் பெரியது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் நாலு நாளுக்கு முன்னால், மே 14 புதன்கிழமை, ஐந்தாவது ஆட்டம். அதே அரங்கு, அதே அணி, அதே ஆறுக்கு ஒன்று. முதல் இரண்டு ஆட்டத்தையும் வென்றுவிட்டு அடுத்த மூன்றையும் கொடுத்தோம். சனம் ஜேர்சியைக் கழற்றி ஐஸில் எறிந்தது. அன்றைக்கும் நான் அமைதியாகப் படுக்கப் போனேன். புதன்கிழமைக்கு எந்த நினைவேந்தலும் காரணமில்லை. அந்த நாளின் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு உரிமை கிடையாது.

படுத்திட்டியோ?

19 ஆம் தேதி காலை எட்டு மணிக்கு அப்பா எடுத்தார்.

"எத்தினைக்கு எத்தினை?"

"ஆறுக்கு ஒண்டு, அப்பா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "எங்கை, இங்கையோ நடந்தது?"

"ஓம், இங்கைதான்."

"போன கிழமையும் ஆறுக்கு ஒண்டெண்டுதானே சொன்னனி?"

"அது அஞ்சாவது மட்ச்."

"அப்ப ஒரே மாதிரி ரெண்டு தரம் வாங்கியிருக்கிறாங்கள். சொந்த இடத்திலை, சனம் காசு குடுத்துப் பாத்துக்கொண்டிருக்க. முதல் தரம் வாங்கினாப் பிறகு ஒருத்தனுக்கும் ரோசம் வரேல்லையோ?" குரல் ஏறிக்கொண்டே போனது. எழுபத்து நாலு வயது, இரத்த அழுத்தத்துக்குக் குளிசை போடுகிற ஆள். அம்மா பின்னால் நின்று "விடுங்கோ, விடுங்கோ" என்பது கேட்டது. அப்புறம் திடீரென்று என் பக்கம் திரும்பினார். "நீ என்ன செய்தனி?"

"நான் படுத்திட்டன், அப்பா."

"படுத்திட்டியோ?"

அவர் அதை எந்தத் தொனியில் கேட்டார் என்று எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னை ஒருவன் அடித்ததைச் சொல்லாமல் வந்து நான் சாப்பிட இருந்த நாளில் இதே குரலில் "சாப்பிடுறியோ?" என்று கேட்டவர்.

இருபத்து மூன்று வருடமாக ஓர் ஆட்டமும் பார்க்காத மனிசனுக்கு வந்த கோபம், அத்தனை ஆட்டமும் பார்த்த எனக்கு வரவில்லை. அப்பா விலகிப் போனது கோபத்தோடு. அதனால் கோபம் அப்படியே பத்திரமாக இருந்திருக்கிறது. நான் விலகாமல் இருந்து, வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சமாதானமாகி, கடைசியில் ஒன்றும் மிச்சமில்லாமல் செலவழித்துவிட்டேன். ஏழாவது ஆட்டத்தில் எனக்கு வராத ரோசம் ஆட்டக்காரர்களுக்கு மட்டும் வரவேண்டும் என்று எந்த முகத்தோடு கேட்பது?

எங்களைப் போன்றவர்களின் இந்தச் சமாதானத்தில்தான் அந்தக் கழகம் ஓடுகிறது என்றும் இப்போது நினைக்கிறேன். வென்றாலும் தோற்றாலும் அரங்கு நிறையும். ஐஸுக்குப் பக்கத்து இருக்கைகளில் பல நிறுவனங்களின் கையில், அங்கிருந்து சத்தம் வராது. சத்தம் போடுகிறவர்கள் வெளியே சதுக்கத்தில் பெரிய திரைக்கு முன்னால் மழையில் நிற்பார்கள். என்னைப் போன்றவர்கள் வீட்டில் சந்தா கட்டுவோம், மகளுக்கு ஜேர்சி வாங்குவோம். 1967 க்குப் பிறகு ஒரு கிண்ணமும் இல்லாமல் லீக்கின் மிகப் பெறுமதியான கழகங்களில் ஒன்றாக இருக்க முடிகிறதென்றால், வெல்லவேண்டிய அவசரம் எங்கிருந்து வரும்? ஜேர்சியை எறிந்தவர்களைப் பண்பில்லாதவர்கள் என்று நான் சொல்லியிருக்கிறேன். மகளிடமே சொன்னேன். அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அவர்கள் விலை கொடுத்து வாங்கியதை எறிந்தார்கள். அவர்களுக்கு இன்னும் வலிக்கிறது.

கோடையில் சில மாற்றங்கள் வந்தன. கழகத் தலைவர் பிரெண்டன் ஷனகன் போனார். மார்னர் லாஸ் வேகஸ் போனார். ரவாரஸ் முன்னைய சம்பளத்தின் பாதிக்கும் குறைவாகக் கையெழுத்திட்டு நின்றுகொண்டார், அதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை கூடியிருக்கிறது. மார்னர் போனதில் எனக்குச் சந்தோசமில்லை. அவர் மட்டும்தான் குற்றவாளி என்று பேசுகிறவர்களோடு நான் சேரமாட்டேன், அந்த ஐந்து கோல்களின் கணக்கு எல்லோருக்கும் பொது. பிரட் மார்ஷாண்டையும் சொல்லவேண்டும். ஏழாவது ஆட்டத்தில் லீஃப்ஸை ஐந்து தரம் வீட்டுக்கு அனுப்பிய ஆள் அவர், நாலு தரம் பொஸ்ரன் உடையில், ஐந்தாம் தரம் புளோரிடா உடையில். முப்பத்தேழு வயது. அவர் அந்த இரவு ஓடிய ஓட்டத்தைப் பிறகு நான் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஒரு முழுப் பருவமும் அவரை வெறுத்திருக்கிறேன். ஆனால் அப்பா கேட்ட அந்தச் சாமான் யாரிடம் இருந்தது என்று பார்த்தால், அவரிடம்தான்.

ஆம், அந்த ஆட்டத்தை ஜூலையில் ஒரு நாள் முழுதாகத் திரும்பப் பார்த்தேன். தேத்தண்ணி வைக்க எழும்பாமல், ஆறாவது கோல் வரைக்கும். முதல் பீரியடில் ஒருவரும் போடவில்லை, அதுவரை ஆட்டம் எங்கள் கையிலும்தான் இருந்தது. அது எனக்கு மறந்தே போயிருந்தது. இரண்டாவது கோலிலே நெஞ்சு சூடாகத் தொடங்கியது. டோமியின் கோலுக்குப் பிறகு நாற்பத்தேழு வினாடியில் நாலாவது விழுந்தபோது கையிலிருந்த ரிமோட்டைச் சோபாவில் எறிந்தேன். மனிசி மாடியிலிருந்து "என்ன?" என்று கேட்டா. ஒன்றுமில்லை என்றேன். இரண்டு மாதம் பிந்தியாவது வந்ததே என்றிருந்தது.

எங்கள் புதுப் பருவம் 2025 ஒக்ரோபர் 8, புதன்கிழமை தொடங்க இருந்தது. அதற்கு முன்னர் ஒரு ஞாயிறு அப்பா வீட்டுக்குப் போனபோது முதல் ஆட்டம் மொன்றியலோடு என்று சொன்னேன். அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

"அறுபத்தேழிலை வெண்டது உவங்களைத்தானே?"

"ஓம் அப்பா."

பேப்பரைத் திரும்ப விரித்தார். ஒரு பக்கம் புரட்டினார். பிறகு, முகத்தைத் தூக்காமல், "எத்தினை மணிக்கு?" என்றார்.